அட்ரிபியூட்டா, எலிமென்ட்டா: எக்ஸ்எம்எல் வடிவம் வரைவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஒரு சிறிய நூலகத்தின் பட்டியலை எக்ஸ்எம்எல் (தகவலைப் பெயரிட்ட குறிகளுக்குள் எழுதிவைக்கும் முறை) கோப்பாக மாற்றிக் கொடுத்தபோது நான் முதலில் வைத்த வடிவம் இது. டேக் (கோண அடைப்புக்குள் வரும் குறி) பெயர்களைத் தமிழிலேயே எழுத எக்ஸ்எம்எல் இடம் தருகிறது, அதனால் தமிழிலேயே வைத்தேன்.

<நூல் எண்="214" தலைப்பு="நெல் சாகுபடி" ஆசிரியர்="க. மாதவி" விலை="120"/>

இதில் எண்="214" போல டேக்குக்குள்ளேயே பெயரும் மதிப்புமாக நிற்பவை அட்ரிபியூட். தலைப்பையே <தலைப்பு>…</தலைப்பு> என்று தனி டேக்காக எழுதினால் அது எலிமென்ட். ஒரு வரிக்கு ஒரு நூல், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய நூல் ஒன்று வந்தது. ஒரே டேக்கில் ஒரே பெயரில் இரண்டு அட்ரிபியூட் வைக்க முடியாது, பார்சர் (கோப்பைப் படித்துப் பிரித்துத் தரும் நிரல்) அந்த இடத்திலேயே பிழை என்று நிறுத்திவிடும். சரி, இரண்டு பெயரையும் காற்புள்ளி போட்டு ஒரே அட்ரிபியூட்டுக்குள் எழுதிவிடலாம் என்று எழுதினேன். அடுத்து வந்த நூலின் அட்டையில் ஆசிரியர் பெயர் "க. மாதவி, எம்.ஏ., பி.எட்." என்று பட்டத்தோடு இருந்தது. எந்தக் காற்புள்ளியில் வெட்டினால் ஆள், எந்தக் காற்புள்ளியில் வெட்டினால் பட்டம் என்று நிரலுக்கு எப்படிச் சொல்வது?

ஆகவே முதல் கேள்வி இதுதான்: இந்தத் தகவல் ஒன்றுக்கு மேல் வர வாய்ப்பு உண்டா, அல்லது இதற்குள்ளேயே சிறு பகுதிகள் உண்டா? இரண்டுக்கும் "இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்ல முடிந்தால் அட்ரிபியூட். கொஞ்சம் தயங்கினாலும் எலிமென்ட். "தரவு என்றால் எலிமென்ட், தரவைப் பற்றிய தகவல் என்றால் அட்ரிபியூட்" என்று ஒரு விதி பல இடங்களில் சொல்லப்படுகிறது. அது தவறில்லை, ஆனால் உட்கார்ந்து வடிவம் வரையும்போது பெரிதாக உதவாது, ஏனென்றால் நூலின் விலை வாசகருக்கு ஓரத் தகவல், கணக்கு எழுதுபவருக்கு அதுதான் தரவே.

இதை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒரு புள்ளிக்கு அடையாள எண் ஒன்று, அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. இரண்டாவது வரவே வராது, உள்ளே பிரிக்கவும் ஒன்றுமில்லை. மூன்றும் அட்ரிபியூட். ஒரு சாலைக்கோ பல புள்ளிகள் உண்டு, அவை எந்த வரிசையில் வருகின்றன என்பதில்தான் சாலையின் வடிவமே இருக்கிறது. அட்ரிபியூட்டுகளுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது, பார்சர் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம், எலிமென்ட்டுகளுக்கு வரிசை நிச்சயம். அதனால் சாலைக்குள் ஒவ்வொரு புள்ளியும் தனி எலிமென்ட்டாக வரிசையாக நிற்கிறது. இதுவரை அருமையான முடிவுகள். ஆனால் பெயர், கடை வகை, உணவு வகை போன்ற விவரங்களெல்லாம் சாவி (விவரத்தின் பெயர்) ஒரு அட்ரிபியூட், மதிப்பு ஒரு அட்ரிபியூட் என்ற அமைப்பில் போகின்றன. ஒரு உணவகத்தில் இரண்டு வகை உணவு கிடைத்தால் மதிப்புக்குள் அரைப்புள்ளி போட்டுப் பிரிக்கிறார்கள், தமிழ்ப் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் சாவியின் பெயரிலேயே முக்காற்புள்ளி வைத்து மொழிக் குறியை ஒட்டுகிறார்கள். எல்லாச் சாவிகளுக்கும் ஒரே அமைப்பு என்ற எளிமைக்குக் கொடுத்த விலை அது. தெரிந்தே கொடுக்கலாம், தெரியாமல் கொடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது கேள்வி: இதை மனிதர்கள் படிப்பார்களா? படிப்பார்கள் என்றால் எலிமென்ட், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒரு முறை நான்கு அடி வெண்பாக்களை அட்ரிபியூட்டுக்குள் வைத்தேன், வெளியே வந்தபோது எல்லாம் ஒரே வரியாக வந்தது. பார்சர் செய்த தவறு அல்ல. அட்ரிபியூட் மதிப்புக்குள் வரி உடைத்தால் அதை ஒரு வெற்றிடமாக மாற்றித் தர வேண்டும் என்பதே எக்ஸ்எம்எல் விதி. வரி உடையும் இடத்தில் அதன் குறியீடான &#10; என்று எழுதித் தப்பிக்கலாம், ஆனால் அப்படி எழுதிய வெண்பாவை யார் திருத்துவார்கள்? ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டவோ அடிக்குறிப்பு சேர்க்கவோ அதற்குள் வழியே இல்லை. மொழியும் அப்படித்தான்: ஒரு எலிமென்ட்டில் மொழியைக் குறித்தால் அது அதன் எல்லா அட்ரிபியூட்டுக்கும் சேர்த்தே பொருந்தும். தமிழ்த் தலைப்பு ஒரு அட்ரிபியூட், ஆங்கில மூலத் தலைப்பு இன்னொரு அட்ரிபியூட் என்று வைத்தால் இரண்டுக்கும் தனித்தனி மொழி சொல்ல முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் எலிமென்ட் ஆக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அடையாள எண்ணை எலிமென்ட் ஆக்கினால், தவறுதலாக ஒரு நூலுக்கு இரண்டு எண் எழுதினாலும் சாதாரண பார்சர் கேள்வி கேட்காது, அதற்கு ஸ்கீமா (எது எத்தனை முறை வரலாம் என்று சொல்லும் விதிக் கோப்பு) எழுதித்தான் பிடிக்க வேண்டும். அட்ரிபியூட் என்றால் பார்சரே பிடித்துவிடும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. உள்ளே இருப்பதை எப்படிப் படிக்க வேண்டும் என்று இந்தத் தகவல் சொல்கிறதா? பெரிய கோப்பை முழுவதும் நினைவகத்தில் ஏற்றாமல் ஓட்டமாகப் படிக்கும் சாக்ஸ் வகைப் பார்சர்களில், ஒரு டேக் திறக்கும்போதே அதன் அட்ரிபியூட் அத்தனையும் கையில் வந்துவிடும், உள்ளே இருக்கும் எலிமென்ட்டுகள் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். எனவே படிக்கத் தொடங்கும் முன்பே தெரிய வேண்டியது அட்ரிபியூட்டில் இருக்க வேண்டும். ஆர்எஸ்எஸ் 2.0 செய்தியோடையில் (ஒரு தளத்தின் புதிய பதிவுகளைப் பட்டியலிடும் எக்ஸ்எம்எல் கோப்பு) தலைப்புக்குள் இருப்பது வெறும் எழுத்தா, வலைப்பக்கக் குறிகள் கொண்ட எச்டிஎம்எல்லா என்று சொல்லும் அடையாளம் இல்லை, படிக்கும் மென்பொருள் ஊகிக்க வேண்டியிருந்தது. 2005 டிசம்பரில் வந்த ஆட்டம் செய்தியோடை வடிவம், தலைப்பு எலிமென்ட்டிலேயே வகை என்ற ஒரு அட்ரிபியூட்டை வைத்து இதைத் தீர்த்தது.

என் பட்டியலில் இதே இடம் விலைதான். யாழ்ப்பாணத்தில் அச்சான நூல் ஒன்று வந்தது, அட்டையில் அதற்கும் "ரூ." என்றுதான் போட்டிருந்தது, ஆனால் அது இலங்கை ரூபாய். எண் உள்ளே, அதன் அலகு அட்ரிபியூட்டில் என்று பிரித்த பிறகு வடிவம் இப்படி நின்றது (எல்லாம் ஒரே இடத்தில் தெரிய, பல நூல்களின் விவரங்களைக் கலந்த மாதிரிப் பதிவு):

<நூல் எண்="214">
  <தலைப்பு>நெல் சாகுபடி</தலைப்பு>
  <ஆசிரியர் பட்டம்="எம்.ஏ., பி.எட்.">க. மாதவி</ஆசிரியர்>
  <ஆசிரியர்>ச. கண்ணன்</ஆசிரியர்>
  <விலை நாணயம்="இலங்கை ரூபாய்">450</விலை>
</நூல்>

பட்டத்தை அட்ரிபியூட்டாக விட்டது கூர்ந்து பார்த்தால் என் முதல் விதிக்கே எதிரானது, அதற்குள்ளும் காற்புள்ளி இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டங்களைப் பிரித்துத் தேட யாருக்கும் தேவை வராது, அட்டையில் உள்ளபடி காட்டினால் போதும் என்று நூலகரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இப்படிக் கேட்டு முடிவு செய்வது நல்லது, நாமாக ஊகிப்பதுதான் பிறகு இடிக்கும்.

கோப்பின் அளவைக் குறைக்க அட்ரிபியூட் என்பவர்களுக்கு ஒன்று: திரும்பத் திரும்ப வரும் டேக் பெயர்களை ஜிசிப் என்ற கோப்புச் சுருக்கி நன்றாகவே சுருக்கிவிடும், அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே அட்ரிபியூட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் படிக்கும் நிரல்களை மாற்றுங்கள்: புதிய எலிமென்ட் இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் பழைய அட்ரிபியூட்டை எடு. கோப்பை வாங்கிப் பயன்படுத்தும் எல்லோரும் அதற்கு மாறிய பிறகு, எழுதும் நிரலைப் புதிய வடிவத்துக்கு மாற்றுங்கள். பழைய அட்ரிபியூட்டைப் படிக்கும் வரியைக் கடைசிப் பழைய கோப்பு புழக்கத்தில் இருக்கும் வரை நீக்க வேண்டாம்.