போன்ல பேஜ் சைடுல வழுக்குதா? இதைப் பாருங்க

நாம செஞ்ச வெப் பேஜ், லேப்டாப்ல பாத்தா எல்லாம் கச்சிதமா இருக்கும், அதையே போன்ல திறந்தா மொத்த பேஜும் இடது வலதா ஆடும், ஹெட்டர் பாதியில நின்னுடும், வலது ஓரத்துல வெள்ளையா ஒரு பட்டை. ஒரு கடைக்கு ரேட் லிஸ்ட் போட்டப்ப எனக்கு இதேதான், ஒன்பது காலம் டேபிள், விலை ரெண்டு வரியா உடையக்கூடாதுன்னு சிஎஸ்எஸ்ல (பேஜ் எப்படித் தெரியணும்னு சொல்ற கோட்) நோரேப், அதாவது வரியை மடக்காதேன்னு வேற போட்டிருந்தேன்.

உடனே பாடிக்கு, அதாவது மொத்த பேஜுக்கும், ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிட்டன் (பக்கவாட்டுல நீட்டுறதை மறை) போட்டுடாதீங்க, ஆட்டம் நிக்கும், ஆனா கடைசி மூணு காலம் யார் கண்ணுலயும் படாது. டேபிளைச் சுத்தி ஒரு டிவ் (வெறும் பெட்டி) போட்டு அதுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ குடுங்க, டேபிள் மட்டும் அதுக்குள்ள ஸ்க்ரோல் ஆகும்.

ஆகணும்! எனக்கு ஆகல. அரை மணி நேரம் மண்டைய பிச்சுக்கிட்டப்புறம்தான் புரிஞ்சுது, போன்ல சைட்பாரை மறைச்சேனே தவிர வெளிய இருந்த ஃப்ளெக்ஸ் (பெட்டிங்களைப் பக்கத்துல பக்கத்துல அடுக்குற முறை) அப்படியேதான் இருந்துச்சு. ஃப்ளெக்ஸ் ஐட்டத்துக்கு, அதாவது அது அடுக்குற ஒவ்வொரு பெட்டிக்கும், நாம ஒண்ணும் சொல்லலைன்னா மின்-விட்த் (குறைஞ்சபட்ச அகலம்) ஆட்டோ, அதாவது உள்ள இருக்கிற டேபிள் எந்த அளவுக்கு மேல சுருங்காதோ அந்த அளவுக்கு மேல ஐட்டமும் சுருங்காது, அதனால ஐட்டமே டேபிள் அகலத்துக்கு வீங்கிடுது, அப்புறம் உள்ள இருக்கிற டிவ்வுக்கு ஸ்க்ரோல் பண்ண என்ன இருக்கு? ஐட்டத்துக்கு மின்-விட்த்: 0 போட்டேன், முடிஞ்சுது. ஃப்ளெக்ஸுக்குள்ள ஃப்ளெக்ஸ் இருந்தா ஒவ்வொரு லெவல்லயும் போடணும். க்ரிட்னா (கட்டம் கட்டமா அடுக்குற முறை) காலம் அகலத்துக்கு 1எஃப்ஆர் (மிச்ச இடத்துல ஒரு பங்கு)-க்கு பதிலா மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்).

நீளமான லிங்க், நம்ம தமிழ் ஹெட்டிங்ல வர்ற "அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கிறது" மாதிரி வார்த்தைங்க, இதுக்கெல்லாம் ஓவர்ஃப்ளோ-ரேப்: எனிவேர், இடம் பத்தலைன்னா வார்த்தையை நடுவுல உடைச்சு அடுத்த வரிக்குத் தள்ளும். எனிவேருக்கு பதிலா பிரேக்-வேர்ட் போட்டாலும் உடைக்கும்தான், ஆனா குறைஞ்சபட்ச அகலம் கணக்குப் போடுறப்ப அந்த உடைப்பை எடுத்துக்காது, ஃப்ளெக்ஸ்ல அதான் காலை வாரும். ஐபோன் பிரவுசரான சஃபாரிக்கு எனிவேர் 15.4 வெர்ஷன்லதான் வந்துச்சு, பழைய ஐபோன் ஆளுங்களுக்காக மேல பிரேக்-வேர்ட், அடுத்த லைன்ல எனிவேர்னு ரெண்டையும் எழுதிடுங்க.

மேக்ல சரியா இருக்கு, விண்டோஸ் குரோம்ல மட்டும் கொஞ்சூண்டு ஆடுதுன்னா எங்கயாவது விட்த்: 100விடபிள்யூ (பிரவுசர் ஜன்னலோட முழு அகலம்) போட்டிருப்பீங்க. அதுல ஸ்க்ரோல்பார் அகலமும் சேர்ந்தே வரும். 100% போடுங்க.

இன்னும் ஆடுதா? எல்லா எலிமெண்ட்டுக்கும் சிவப்பு அவுட்லைன் 1பிக்சல் போட்டுப் பாருங்க, வெளிய நீட்டிட்டு நிக்கிறது எதுன்னு தெரிஞ்சுடும். பார்டர் போடாதீங்க, அதுவே அகலத்தைக் கூட்டிடும்.