பாதத்துக்குப் புரியும் கோடு

மேடைத் தரையில் ராஃபியா கயிற்றை (பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் கயிறு) மூன்று இழையாக முறுக்கி நீட்டி, அதன்மேல் துணி டேப்பை அழுத்தி ஒட்டிவிடுங்கள். பார்வையற்ற நடிகர் யார் கையையும் பிடிக்காமல் தம் இடத்துக்குத் தாமே நடந்து வருவார்.

வெறும் டேப் கண்ணுக்குத்தான் தெரியும். உள்ளே கயிறு இருந்தால் சின்ன மேடு எழும்பும். வெறுங்காலோ மெல்லிய செருப்போ அதை உடனே கண்டுகொள்ளும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி நடைபாதையில் பார்வையற்றோருக்காகப் பதித்திருக்கும் மேடுள்ள மஞ்சள் ஓடுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மேடையின் முன்விளிம்புக்கு மூன்றடி முன்பே இரட்டைக் கோடு போடுங்கள். அதற்கு 'நில்' என்று அர்த்தம். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள், விழுந்தால் பலமாக அடிபடும். அப்புறம், முதல் ஒத்திகையிலிருந்தே கோடு இருக்கட்டும். கடைசி நாளில் ஒட்டினால் கால் பழகாது.

தடித்த அடியுள்ள சப்பாத்து போட்டால் இது பலிக்காது. கம்பளத்தில் டேப் சரியாக ஒட்டாமல் போகலாம். சக்கர நாற்காலியில் நடிப்பவரும் குழுவில் இருந்தால், சிறிய முன்சக்கரம் கயிற்றில் தட்டும். அவர் கடக்கும் இடத்தில் மட்டும் கயிற்றை வெட்டி இடைவெளி விடுங்கள்.