ஏங்கும் பிள்ளைக்கு இனிப்புப் புட்டி: இளம் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் சிறுவர் பல் சிகிச்சை அறையில் வேலை பார்க்கும் என்னிடம் இளம் பெற்றோர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "போன மாதம்தான் வீடு மாறினோம். பாலர் பள்ளியும் மாறிவிட்டது. அந்த மன அழுத்தத்தால் பல் சொத்தையாகுமா, மிஸி?" நியாயமான கேள்விதான். ஆனால் பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவர்கள் செய்பவை, எங்கள் தலைமுறைப் பெற்றோர் செய்து வருந்திய அதே காரியங்கள். மிட்டாயைக் குறையுங்கள், இருவேளை பல் துலக்குங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்த பிறகும், 2015ஆம் ஆண்டு நாடு தழுவிய ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. அப்படியென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

மன அழுத்தத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது

மன அழுத்தத்துக்கும் சொத்தைக்கும் தொடர்பு உண்டு. கலிபோர்னியாவில் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் அதிகம் இருந்த பிள்ளைகளுக்குச் சொத்தையும் அதிகமாக இருந்தது. உதிர்ந்த பால் பற்களைச் சோதித்தபோது, பல்லின் வெளிப்படலமான எனாமல் அவர்களுக்கு மெலிந்தும் மென்மையாகவும் இருந்தது. ஆனால் சொத்தையை உண்டாக்கும் கிருமிகளுக்கும் அதே ஆய்வில் பங்கு இருந்தது. அந்தப் பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பால் பல்லின் எனாமல் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கி, ஏறத்தாழ முதல் பிறந்தநாளுக்குள் முடிந்துவிடுகிறது. நான்கு வயதில் வரும் கவலை அதை நேராகக் கரைப்பதில்லை. அந்தக் கவலையைத் தணிக்க நாம் ஊட்டும் சர்க்கரைதான் கரைக்கிறது.

அழுகையை அடக்கப் புட்டியை வாயில் வைப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். இது பணத்தையும் கரைக்கும், பிள்ளையின் உடம்பையும் வருத்தும்.

மூன்று வயதுப் பையன் ஒருவனைப் பாட்டி அழைத்து வந்தார். தங்கை பிறந்ததிலிருந்து அவன் பாட்டி வீட்டில் இருந்தான். பாட்டியின் மடியில் படுக்க வைத்து மேலுதட்டைத் தூக்கினேன். மேல் முன்பற்கள் நான்கும் ஈறோடு ஒட்டிய பழுப்புக் கட்டைகளாகத் தேய்ந்திருந்தன. கீழ் முன்பற்களோ கொஞ்சம்கூடக் கெடாமல் பளிச்சென்று இருந்தன. இதைப் பார்த்ததும் வேறு விசாரணை தேவையில்லை. புட்டியைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது, அங்கே உமிழ்நீரும் ஊறிக்கொண்டிருக்கிறது. பால் முழுக்க மேற்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. தூங்கும் பிள்ளைக்கு உமிழ்நீர் அநேகமாகச் சுரக்காது. இனிப்பு பட்ட சில நிமிடங்களில் கிருமிகள் அமிலத்தை உண்டாக்கிவிடும். விழித்திருக்கும் வாயே அதிலிருந்து மீள அரைமணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். தூங்கும் வாய்க்கு அந்த வழியும் இல்லை.

"எத்தனை புட்டி, அம்மா?" என்று கேட்டேன். முன்பு ஒன்று, இப்போது இரவில் மூன்று. பால்மாவு போதாதென்று ஒரு கரண்டி இனிப்பு டின் பாலும் சேர்த்திருக்கிறார். "பிள்ளை தாயை நினைத்து ஏங்கிப் போயிருக்கிறான், மிஸி. பால் ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்" என்றார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அவன் ஏங்கித்தான் போயிருந்தான். இரவில் விழித்து அழுகிறான், நகம் கடிக்கிறான், நின்றுவிட்டிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்துவிட்டது. அத்தனை அறிகுறிகளுக்கும் சேர்த்து அந்த வீட்டில் இருந்த மருந்து ஒரே ஒரு புட்டி.

முழு மயக்கம் கொடுத்து மருத்துவமனையில் நான்கு பற்களையும் எடுத்தார்கள். அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சில மாதங்கள் கழித்துக் கடைவாய்ப் பற்களில் குழியோடு அவன் மறுபடியும் வந்தான். இந்த முறை தாயும் வந்திருந்தார். "ஆபரேஷனுக்குப் பிறகு ரொம்பவும் பயந்துபோய்விட்டான். பாவம் என்று புட்டியைத் திரும்பக் கொடுத்தோம்." அந்தக் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்து சோறு மென்று தர வேண்டியவை. பல் வலித்தால் பிள்ளை தூங்காது, தூங்காத பிள்ளை அழும், அழுதால் மறுபடியும் புட்டி வரும். அழுத்தமும் சொத்தையும் கைகோக்கும் இடம் இதுதான்.

இளம் பெற்றோரின் நிலைமை எனக்குத் தெரியாததல்ல. விடியும் முன்பே பிள்ளையைத் தூக்கத்தோடு காரில் போட்டுக்கொண்டு, பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் பராமரிப்பாளர் வீட்டுக்கு ஓடுகிறார்கள். திரும்ப அழைத்து வரும்போது இருட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் யாருக்கும் அழுகையைத் தாங்கச் சக்தி இருக்காது. அதற்காகத்தான் வழியையும் சொல்கிறேன்.

புட்டியை ஒரே இரவில் பிடுங்காதீர்கள். ஏங்கியிருக்கும் பிள்ளையிடம் அது இன்னொரு இழப்பு. ஓரிரு இரவுக்கு ஒருமுறை, அதே அளவு தண்ணீரில் மாவை அரைக் கரண்டி குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் புட்டியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். குடிக்க வேண்டிய பாலைப் பகலில் குவளையில், சாப்பாட்டு நேரத்தில் கொடுத்துவிடுங்கள். கூடவே, புட்டி தந்த ஆறுதலுக்கு மாற்று ஒன்று வேண்டும். தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பது, தினமும் அதே தாலாட்டு, அதே கதை, அதே வரிசை. பால், பல் துலக்கல், கதை, தூக்கம் என்ற ஒழுங்கு நாள் தவறாமல் நடந்தால், அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். கலங்கிய பிள்ளைக்கு அதுவே பெரிய தெம்பு. பாட்டியும் பராமரிப்பாளரும் இதே முறையைப் பின்பற்றாவிட்டால் பயன் இல்லை. அவர்களை முறைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் பல்லைக் காட்டிப் பேசுங்கள்.

"குறும்பு செய்தால் பல் டாக்டர் ஊசி போடுவார்"

இதை எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

அமுக்கிப் பிடித்துப் பல் துலக்குவது

இரவு களைப்பில் பெற்றோருக்குப் பொறுமை போய்விடுகிறது. இருவர் பிடிக்க, ஒருவர் பிரஷ்ஷைத் திணிக்க, பிள்ளை அலற, பல் துலக்கல் என்றாலே அதற்கு நடுக்கம் வந்துவிடுகிறது. பிள்ளையின் தலையை உங்கள் மடியில் மல்லாக்கச் சாய்த்து, பின்னாலிருந்து துலக்குங்கள். வாய் முழுக்கத் தெரியும், கையும் தடுமாறாது. ஒரு பாட்டு முடியும்வரை துலக்கினால் போதும் என்று தொடங்கலாம். ஏழு, எட்டு வயதுவரை இது பெரியவர்களின் வேலை. மூன்று வயதுக்குள் அரிசி அளவு பற்பசை, அதன் பிறகு பட்டாணி அளவு. பல்லைக் கெட்டிப்படுத்தும் ஃபுளோரைடு குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) இருக்கிறதா என்று பற்பசை உறையைத் திருப்பிப் பாருங்கள்.

துலக்கிய பின் கொப்பளிக்க வைப்பது

வேண்டாம். நுரையைத் துப்பினால் போதும்.

வடிகட்டி வைத்த வீட்டில் ஃபுளோரைடு இல்லாத பற்பசை வாங்குவது

நம் நாட்டுக் குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1957இல் ஜொகூரில் தொடங்கி, 1972இல் தேசியக் கொள்கையானது. ஆனால் ஆர்.ஓ. வடிகட்டி அதில் பெரும்பகுதியை நீக்கிவிடும். அந்த வடிகட்டி வைத்துள்ள வீடுகளிலேயே ஃபுளோரைடு இல்லாத பிள்ளைப் பற்பசையையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் பல்லுக்குக் காவலே இல்லை.

வலி வரும்வரை காத்திருப்பது

மாதம் ஒருமுறை, வெளிச்சத்தில், மேலுதட்டைத் தூக்கி முன்பற்களைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்புக் கோடு போல் மங்கிய வெள்ளை தெரிந்தால் அதுவே தொடக்கம். இந்தக் கட்டத்தில் குழி விழுந்திருக்காது, வலியும் இருக்காது. ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, இரவுப் புட்டியை நிறுத்தினால் அந்தப் பல்லைத் திரும்பக் கெட்டிப்படுத்த முடியும். பழுப்பு நிறமாகிக் குழி விழுந்துவிட்டால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள். வீடு மாறினாலோ, தம்பி தங்கை பிறந்தாலோ, பராமரிப்பாளர் மாறினாலோ, அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் அந்த மாதமே இன்னொரு முறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.