லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் தமிழ் எழுத்தின் தோற்றத்தை மாற்றுவது

எழுத்துருவை மாற்றினோம், ஆங்கிலம் மட்டும் மாறியது, தமிழ் அப்படியே நிற்கிறது. ரைட்டரில் தமிழ் தட்டச்சு செய்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. ரைட்டர் ஒரே வரியில் இருக்கும் எழுத்துகளையும் தனித்தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. ஆங்கிலம் மேற்கத்திய எழுத்துக் கணக்கு. தமிழ், இந்தி, அரபி எல்லாம் சிடிஎல் எனப்படும் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' கணக்கு. எழுத்துரு, அளவு, மொழி மூன்றும் கணக்குக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கும்.

முதலில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்புகளைத் திறந்து, காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற பெட்டியில் டிக் போட்டு, பக்கத்திலேயே தமிழைத் தேர்ந்தெடுங்கள். அருகில் 'ஏசியன்' என்றும் ஒன்று இருக்கும். நாமும் ஆசியாதானே என்று அதைத் தொட வேண்டாம். அது சீனம், ஜப்பான், கொரிய எழுத்துகளுக்கு.

இனி ஃபார்மட், கேரக்டர் திறந்தால் ஃபான்ட் பக்கத்தில் இரண்டு பகுதிகள் தெரியும். தமிழுக்கானதை சிடிஎல் பகுதியில் மாற்றுங்கள். ஓரிரு சொல்லுக்கு இது போதும். முழு ஆவணத்துக்கும் இப்படிச் செய்தால் பத்தாவது பக்கத்தில் ஏதாவது ஒரு பத்தி பழைய எழுத்துருவிலேயே தங்கிவிடும். அதற்கு ஸ்டைல், அதாவது பத்திகளுக்கு ஒட்டுமொத்தமாக வடிவம் தரும் அமைப்புதான் சரி: எஃப்11 அழுத்தி, 'டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்' மேல் வலது கிளிக் செய்து, திருத்தும் பகுதிக்குள் போய், அங்கே சிடிஎல் எழுத்துருவையும் அளவையும் வையுங்கள். தலைப்பு ஸ்டைல்களுக்குத் தனி எழுத்துரு இருக்கும். 'ஹெடிங்' ஸ்டைலிலும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஸ்டைலை மாற்றியும் சில வரிகள் அசையவில்லை என்றால், அங்கே யாரோ கையால் நேரடியாக வடிவம் கொடுத்திருக்கிறார்கள். நேரடி வடிவம் எப்போதும் ஸ்டைலை மிஞ்சும். அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எம் அழுத்தினால் அது நீங்கும். ஆனால் கையால் போட்ட தடித்த எழுத்தும் கூடவே போய்விடும். ஆகவே முதலில் துடைத்துவிட்டு, அழுத்தம் வேண்டிய சொற்களைப் பிறகு தடிமனாக்குங்கள். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி பயன்படுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும், இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொரு உறுத்தல், எண்கள். '12,500 ரூபாய்' என்று எழுதினால் எண் மேற்கத்திய கணக்கில் சேர்ந்து, ரைட்டரின் இயல்பான ஆங்கில எழுத்துருவான லிபரேஷன் செரிஃபிலும், 'ரூபாய்' தமிழ் எழுத்துருவிலும் வரும். இரண்டும் ஒட்டாமல் தெரியும். நிர்மலா யூஐ, கேட்டமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர் போன்ற தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்தே இருப்பதால், இரண்டு பகுதியிலும் ஒரே எழுத்துருவை வைத்துவிடலாம். வேறு வேறு வைத்தால் அளவைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்: ஆங்கிலம் 12 என்றால் பல தமிழ் எழுத்துருக்களுக்கு 11 அல்லது 10.5 போதும். விஜயா எழுத்துரு விதிவிலக்கு. இயல்பிலேயே சிறியது, கூட்டித்தான் வைக்க வேண்டும்.

தடிமனும் சாய்வும் எல்லா எழுத்துருவிலும் உண்மையாக இருப்பதில்லை. மீரா இனிமை எழுத்துருவில் ஒரே தடிமன்தான். கன்ட்ரோல்+பி அழுத்தினால் மென்பொருள் கோட்டைத் தானே பருமனாக்குகிறது, சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. லதா எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் தனியாக உண்டு, சாய்ந்த வடிவம் இல்லை. தமிழில் சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது. நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள்குறி போதும்.

மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் வெட்டுப்பட்டால் குற்றம் வரி இடைவெளியில். பாராகிராஃப் அமைப்பில் 'ஃபிக்ஸ்ட்' என்றிருந்தால் 'ப்ரொப்போர்ஷனல்' ஆக்கி 120 முதல் 135 சதவீதம் வரை வைத்துப் பாருங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புக்கு இவை எதுவும் உதவாது. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறது. ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவுக்கு மாற்றினால் வேடம் கலைந்து ஆங்கிலக் குவியல் தெரியும். முதலில் குறியாக்க மாற்றியில், அதாவது பழைய எழுத்தை ஒருங்குறியாக மாற்றும் கருவியில் போட்டு ஒருங்குறியாக்குங்கள். எந்த எழுத்துரு என்று தெரியாமல் மாற்ற முடியாது என்பதால், பழைய கோப்பின் எழுத்துருப் பெயரை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

முடித்த கோப்பை அச்சகத்துக்குப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். எழுத்துரு அதனுள்ளேயே போகும். திருத்துவதற்காக மூலக்கோப்பையே கொடுப்பதானால், ஃபைல், ப்ராப்பர்டீஸ், ஃபான்ட் பக்கத்தில் எழுத்துருவை உட்பொதிக்கும் பெட்டியில் டிக் போட்டுச் சேமியுங்கள்.