வெயிலில் நின்ற பழைய ஹோண்டா ஸ்டார்ட் ஆகவில்லையா? மெயின் ரிலேயைப் பாருங்கள்

1990களில் வந்த ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் அடிக்கடி வரும் கோளாறு இது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஓடும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கதவைத் திறந்து காற்றாட விட்டால் மறுபடி ஓடும். உடனே ஃப்யூயல் பம்பை மாற்றிவிடாதீர்கள். அது வீண் செலவாக முடியலாம்.

டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலே பெட்டிக்குள் இரண்டு ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) உண்டு. ஒன்று இசியூவுக்கும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கும் கரண்ட் தரும், மற்றது பம்புக்கு. பல வருட வெப்பத்தில் உள்ளே பின்களைச் சர்க்யூட் போர்டோடு இணைக்கும் சால்டர் (உருக்கி வைக்கும் உலோகப் பற்று) விரிசல் விடும். சூடேறினால் தொடர்பு அறும்.

படி 1: கார் மக்கர் செய்யும் நேரத்திலேயே சோதியுங்கள், ஆறிய பிறகு எதுவும் தெரியாது. முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பிறகு சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். செக் இன்ஜின் விளக்கு 2 நொடி எரிந்து அணைய வேண்டும். அந்த 2 நொடியும் பின்சீட் பக்கம் பம்ப் ரீங்காரம் கேட்க வேண்டும். விளக்கு சரியாக அணைந்தும் பம்ப் சத்தமே இல்லையென்றால் ரிலே மேல் சந்தேகப்படலாம்.

படி 2: உறுதிசெய்ய, பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். அந்த 2 நொடியில் 12 வோல்ட் அளவுக்கு வந்தும் பம்ப் ஓடாவிட்டால் பழுது பம்பில்தான். வோல்ட் வரவில்லையென்றால் ரிலேயைக் கழற்றலாம். பெட்ரோல் வாடை அடித்தால் எதையும் தொடாமல் கசிவை முதலில் சரிசெய்யுங்கள்.

படி 3: ரேடியோவுக்குக் கோட் இருந்தால் குறித்துவைத்துக்கொண்டு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ரிலேயை எடுத்து, மூடியின் பிளாஸ்டிக் கொக்கிகளைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பினால் போர்டு வெளியே வரும்.

படி 4: லென்ஸ் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அதுதான் விரிசல். பழைய சால்டரை அப்படியே உருக்கிவிட்டால் போதாது, சீக்கிரமே மறுபடி விரிசல் விடும். அதை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, பின்னையும் அதைச் சுற்றிப் போர்டில் உள்ள உலோகப் பேடையும் சேர்த்துச் சூடாக்கிப் புது சால்டர் கொடுங்கள். பளபளப்பாகக் கூம்பு போல் படிய வேண்டும். விரிசல் தெரியாத பின்களுக்கும் இதைச் செய்துவிடுங்கள். ரிலேக்குள் தொட்டுப் பிரியும் காண்டாக்ட் கருகியிருந்தால் புது ரிலேதான்.

மாட்டிய பிறகு உச்சி வெயிலில் நிறுத்திப் பாருங்கள். ஓடும்போதே இன்ஜினும் டாஷ்போர்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தால் இக்னிஷன் ஸ்விட்சைச் சோதியுங்கள்.