பழைய ஜீப்பை உயர்த்துவதற்கு முன்: மலிவு லிஃப்ட் கிட்டில் நடக்கும் தவறுகள்

ஹட்டன், பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இன்னும் ஓடும் சுசுகி எஸ்ஜே 410, மிட்சுபிஷி ஜீப், லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தில் இல்லை. பல வருடம் ஆளும் மூட்டையும் சுமந்து ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகிவிட்டன. உரிமையாளர் இதைப் பார்ப்பதில்லை. தோட்டத்து வீதியில் அடித்தட்டு கல்லில் இடித்ததும், வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுதியான லிஃப்ட் கிட் தேடிப் புறப்பட்டுவிடுகிறார். முதல் தவறு இங்கேயே நடக்கிறது.

சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். ஓட்டுநர் அமரும் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால், உங்களுக்குத் தேவை லிஃப்ட் அல்ல, நல்ல ஸ்பிரிங். களைத்த பட்டைக்கு மேல் இரண்டு அங்குலக் கிட்டைப் பூட்டினால், அதில் பாதி இழந்த உயரத்தை ஈடுகட்டவே போய்விடும். பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். மறுபடி முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் அந்த உருக்கு ஒன்றில் மீண்டும் தட்டையாகும், அல்லது நடுப் போல்ட் ஓட்டையருகே முறியும்.

லிஃப்ட் எதை உயர்த்துகிறது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. இந்த வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே துண்டான அச்சு. கிட் உயர்த்துவது பொடியையும் சேஸியையும் மட்டுமே. அச்சின் நடுவே புடைத்திருந்து கல்லில் முதலில் இடிபடும் டிஃபரென்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. 27 அங்குல டயருக்குப் பதில் 29 அங்குலம் போட்டால் அது ஓர் அங்குலம் உயரும், அவ்வளவுதான். அதற்கும் விலை உண்டு: வேகமானி 40 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 43இல் போகும், எஸ்ஜே 410இன் 970 சிசி எஞ்சின் ஏற்றத்தில் இன்னும் மூச்சு வாங்கும், நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும்போது அதே பழைய பிரேக், முன்பைவிடப் பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

கிட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சுத்தியலோடு வண்டிக்கடியில் படுங்கள். தோட்டத்துச் சேறு சேஸியின் உட்பக்கம் போய் அடைந்து மழைக்காலம் முழுவதும் ஈரமாகவே கிடக்கும். துரு உள்ளிருந்துதான் தின்கிறது. வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளக்கும். ஸ்பிரிங் தொங்கும் கொண்டிகளைச் சுற்றித் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். சத்தம் பொத்தென்று வந்தால் அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். முனை உள்ளே போனால் கிட்டை மறந்துவிட்டு வெல்டிங் வேலைக்குப் பணத்தை ஒதுக்குங்கள். பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷக்கிள் நீளமானால், அந்தக் கொண்டியைத்தான் கூடுதலாக முறுக்கும்.

மலிவு கிட் என்று விற்கப்படுவது பல சமயம் நீளமான ஷக்கிள் மட்டுமே. ஷக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும், ஏனெனில் பட்டையின் ஒரு முனை மட்டுமே நகர்கிறது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். எஸ்ஜே போல முன் ஷக்கிள் பம்பர் பக்கம் இருக்கும் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் வரும். அச்சு சற்றுச் சுழன்று, சக்கரம் திரும்பும் ஊசியின் பின்சாய்வு குறைந்துவிடும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. நேர்வீதியில் வண்டி அலையும். கொண்டை ஊசி வளைவுக்கு மேல் வளைவாக இருக்கும் நம் வீதிகளில் இது அலுப்பு மட்டுமல்ல, ஆபத்து.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் பிளாக்கைப் பின்னால் மட்டும் பயன்படுத்தலாம். முன் அச்சில் ஒருபோதும் வேண்டாம். பிரேக் அழுத்தும்போது அச்சு உருளப் பார்க்கும், பிளாக் நழுவினால் ஸ்டியரிங் கையில் இருக்காது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்குவதும் கூடாது. பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டைக் கழற்றிவிட்டு அதையே திரும்பப் பூட்டுவது எல்லாக் கராஜ்களிலும் நடக்கிற கஞ்சத்தனம். ஒருமுறை இறுகி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. புதியதை வாங்குங்கள், முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னொரு தடவை இறுக்குங்கள்.

பெட்டியில் வராத பொருட்கள்தாம் உண்மையான செலவு. அவற்றில் முதலாவது பிரேக் ஹோஸ். சேஸியை முட்டில் நிறுத்தி, அச்சை முழுவதும் கீழே தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் விறைத்து நின்றால் நீளமானது வேண்டும். அதே நிலையில் ஷொக் அப்சோபரையும் கவனியுங்கள். பழைய குட்டை ஷொக்கே அச்சைத் தாங்கித் தொங்கினால், குழி ஒவ்வொன்றிலும் அது உள்ளே அடிபட்டு விரைவில் எண்ணெய் கக்கும். எஞ்சின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எஸ்ஜேயில் குட்டை; உயர உயர அதன் கோணம் கூர்மையாகி, மூட்டில் உள்ள கிராஸ் தேய்ந்து அதிர்வு வரும். பின் பிரேக் வால்வு அச்சோடு கம்பியால் இணைந்த சில பிக்அப்களில், உயர்த்தியதும் வால்வு வண்டி வெறுமையாக இருப்பதாக எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியை அதற்கேற்பச் சரிசெய்யாமல் கராஜை விட்டு வெளியே வரக்கூடாது.

முன்னால் டோர்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுகும் கம்பி) உள்ள பழைய பஜெரோக்காரர்களுக்குக் கிட் எதுவும் தேவையில்லை, ஒரு போல்ட்டைத் திருகினால் போதும் என்பதுதான் சபலம். திருகத் திருகச் சக்கரம் கீழே இறங்கும் இடம் குறைந்து, முன்பக்கம் மரக்கட்டைபோல் குதிக்கும். அச்சு மூட்டுகளும் கோணத்தில் தேயும். ஓர் அங்குலத்தோடு நிறுத்துங்கள்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையகத்தில் சமதரை என்பது கோயில் முற்றமும் பாடசாலை மைதானமும்தான். சரிவான வாசலில், ஈர மண்ணில் ஜாக்கை ஊன்றி வண்டிக்கடியில் படுப்பவர்களைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. ஜாக்குக்கடியில் தடித்த பலகை, சேஸிக்கடியில் ஸ்டாண்ட், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டு. இவை இல்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம். ஷக்கிள் போல்ட்கள், பட்டை முனையில் செருகிய புஷ்ஷின் உட்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். ரப்பர் புஷ் போட்டால் கடைசி இறுக்கத்தை வண்டியின் பாரம் தரையில் இறங்கிய பிறகே கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

எவ்வளவு உயர்த்தலாம்? என் கணக்கில் இரண்டு அங்குலம் போதும், அதற்குமேல் அழகுக்குத்தான். ஒடுங்கிய தோட்டப் பாதையில் எதிரே வரும் கொழுந்து லொறிக்கு வழிவிட்டுக் கானோரம் சாய்ந்து நிற்கும்போது, ஒவ்வோர் அங்குலமும் வண்டியைக் கவிழும் பக்கம் தள்ளுகிறது.

முன் விளக்குகளை மறுபடி தாழ்த்தி அமைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூடுபனியில் உயர்ந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும், உங்களுக்கும் வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். வேலை தொடங்குமுன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் இந்த மாற்றத்துக்கு என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.