ஜெனரேட்டர் இருக்கு, ஆனால் கரண்ட் போனால் ஓடுமா? தொழிலிடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெனரேட்டர் ஓடி ஓடித் தேய்வதைவிட சும்மா நின்று கெடுவதுதான் அதிகம். மாதக்கணக்கில் ஒரு மூலையில் நிற்க விட்டுவிட்டு, கரண்ட் போன சில நொடிகளில் மொத்தக் கட்டடத்தையும் அது தூக்கிவிட வேண்டும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் சந்தேகம் எப்போதும் பேட்டரி மேல் இருக்கட்டும். ஸ்டார்ட் ஆகாமல் கழுத்தறுக்கிற ஜெனரேட்டர்களில் பாதிக்கு மேல் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும் என்றே சொல்வேன், பேட்டரிதான் படுத்திருக்கும். 12 வோல்ட் பேட்டரியில் மீட்டரை வைத்து 12.6 காட்டினால் திருப்தியாகிவிடுகிறார்கள். சும்மா இருக்கும்போது காட்டுகிற அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சார்ஜர் இணைப்பில் இருந்தால் நீங்கள் பார்ப்பது சார்ஜரின் வோல்டேஜ், பேட்டரியுடையது அல்ல. செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், 9.6க்கும் கீழே போனால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. அப்படியே டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிற பொடியைச் சுத்தம் செய்யுங்கள், சார்ஜருக்கு வருகிற சுவிட்சை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது, எல்லோரும் நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டு செய்கிற தவறு: வாரா வாரம் லோடு இல்லாமல், அதாவது எந்தச் சாதனத்துக்கும் கரண்ட் கொடுக்காமல், பத்து நிமிடம் ஓட்டி, பதிவேட்டில் டிக் அடித்துவிடுவது. லோடு இல்லாத டீசல் எஞ்சின் போதுமான அளவு சூடாகாது, டீசல் முழுதாக எரியாது, எரியாத டீசலும் கரியும் சைலன்சர் குழாயில் போய்ப் படியும். குழாய் இணைப்பில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஏதோ வழிகிறதே, எஞ்சின் ஆயில் கசிகிறது என்று நினைத்து கேஸ்கட் மாற்றுகிறவர்கள் உண்டு. பல நேரம் அது ஆயிலே இல்லை, எரியாமல் வந்த டீசல்தான். இப்படியே போனால் டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கிற இன்ஜெக்டரின் முனையில் கரி பிடிக்கும், ஆயிலில் டீசல் கலக்கும், ஒருநாள் உண்மையான லோடு வரும்போது எஞ்சின் திணறும். மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது, திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத லோடில் ஓட்டுங்கள், என்.எஃப்.பி.ஏ. 110 என்ற அமெரிக்கத் தரமும் இதைத்தான் சொல்கிறது. கட்டடத்தில் அவ்வளவு லோடு இல்லையென்றால் சோதனைக்காகவே செயற்கையாக லோடு கொடுக்கிற லோடு பேங்க் என்ற சாதனத்தை வாடகைக்கு எடுத்து வருடத்துக்கு ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று தேவைக்கு மூன்று மடங்கு பெரிய ஜெனரேட்டர் வாங்கி வைத்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

லோடு இல்லாத சோதனையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற ஆட்டோமேட்டிக் சேஞ்ச்ஓவர் அதில் சோதிக்கப்படுவதே இல்லை. வேலை நேரத்தில் கரண்டை நிறுத்தினால் எல்லோரும் கத்துவார்கள், சரி, விடுமுறை நாளில் முன்கூட்டியே சொல்லிவிட்டு மெயினை இறக்கிப் பாருங்கள்.

டீசலும் நாள்பட்டால் கெடும், ஆறு மாதம் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பாதி காலியான டாங்கில் காற்றிலிருக்கும் ஈரம் நீராகி அடியில் தங்கும், நீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் கிருமிகள் வளர்ந்து கறுப்புச் சளி போல ஆகும், அது நேராக ஃபில்டரை அடைக்கும். டீசலிலிருந்து நீரைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டரிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள், நீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு போட்டதுபோல் நிற்கும்.

டீசல் நிறைய இருந்தும் எஞ்சினுக்குப் போய்ச் சேராமல் தவித்த கதையும் உண்டு. 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13வது மாடியில் பத்திரமாக இருந்தன, ஆனால் டீசலை மேலே ஏற்றுகிற பம்புகள் அடித்தளத்தில் வெள்ளத்தில் மூழ்கிவிட்டன. ஆட்கள் படிக்கட்டில் டீசலைக் கைமாற்றித் தூக்கிப் போனார்கள், கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. உங்கள் டீசல் பம்ப் எங்கே இருக்கிறது, கரண்ட் இல்லாதபோது அதற்கு எங்கிருந்து கரண்ட் வருகிறது என்று ஒருமுறை தடம் பிடித்துப் பாருங்கள்.

ஆயில், கூலண்ட் விஷயத்தில் மணிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொன்னால், வருடத்துக்கு 20 மணி நேரம் ஓடுகிற ஜெனரேட்டருக்கு அது பன்னிரண்டு வருடக் கணக்காகிவிடும்! மணியோ வருடமோ, எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்றுங்கள். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

யூ.பி.எஸ். இருக்கிற இடங்களில் வினோதமான ஒரு கோளாறு வரும்: ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், யூ.பி.எஸ்.ஸோ அதன் ஃப்ரீக்வென்சி ஆடுகிறது என்று ஏற்றுக்கொள்ளாமல் பேட்டரியிலேயே இருந்து தீர்ந்துபோகும். இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்காமல் இது தெரியவே தெரியாது. அந்த பேட்டரிகள் வைத்திருக்கிற அறை 25 டிகிரியைவிட 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், அதனால் ஏசியை மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை. பழைய பேட்டரிகளுக்கு நடுவே ஒன்றிரண்டை மட்டும் புதிதாகச் சொருகுவதும் வேண்டாம்.

சர்வீஸ் முடிந்ததும் ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன் பேனலைப் போய்ப் பாருங்கள். வேலை செய்யும்போது பாதுகாப்புக்காக சுவிட்சை ஆஃபில் வைத்திருப்பார், திரும்ப ஆட்டோவுக்குப் போட மறந்திருப்பார், ஃபில்டர் மாற்ற மூடிய டீசல் வால்வும் மூடியே கிடக்கும். ஆட்டோ விளக்கு எரிகிறதா, வால்வு திறந்திருக்கிறதா, எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

சேஞ்ச்ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரை நேராக பிளக் பாயிண்டில் கொடுப்பதையும், புகைக்குழாயைக் கதவுக்கோ ஜன்னலுக்கோ அருகில் விடுவதையும் மட்டும் ஒரு நாளைக்குக்கூட அனுமதிக்காதீர்கள். முதலாவதில் கரண்ட் திரும்ப லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவரைக் கொல்லும். இரண்டாவதில் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது.